37 புள்ளிகளும் ஒரு கட்டைவிரலும்

"முப்பத்தேழு அக்கா, வேணும்னா எண்ணிப் பாருங்க!"

காலை மணி 5.50. மடிப்பாக்கத்தில் ஒரு சந்து. தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. காபி டம்ளரோடு படியில் நின்று நான் உண்மையாகவே எண்ணினேன். நடு வரிசையில் 7. அதற்கு மேலே 6, 5, 4. கீழேயும் அதே மாதிரி 6, 5, 4. ஊடுபுள்ளிக் கோலம். மொத்தம் 37, ஒன்று கூடவில்லை, குறையவில்லை! அதற்குள் அவள் கை சிக்குக் கோலத்தின் முதல் வளைவை ஆரம்பித்துவிட்டது. புள்ளிகளைத் தொடாமல், சுற்றிச் சுற்றி, ஒரே கோடு. ஆரம்பித்த இடத்தில் வந்து அந்தக் கோடு முட்டியபோது நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

இவள் ஒரு ப்ராடக்ட் டிசைனர். நாம் போனில் பணம் அனுப்புகிறோம், டிக்கெட் எடுக்கிறோம், கரண்ட் பில் கட்டுகிறோம். எந்த பட்டன் எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன வார்த்தை வர வேண்டும், அமுக்கினால் அடுத்து என்ன தெரிய வேண்டும், தப்பாக அமுக்கிவிட்டால் எப்படித் திரும்பி வருவது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் இல்லையா? அந்த யாரோவில் ஒருத்தி. வயது 31. ஒரு பணப் பரிமாற்றச் செயலியின் தமிழ் வடிவம் இவள் பொறுப்பு. பெயரும் கம்பெனியும் போடக்கூடாது என்பது ஒப்பந்தம். அதற்குப் பதிலாக, ஒரு முழு நாள் கூடவே இருக்கலாம், எந்த டிராயரை வேண்டுமானாலும் திறக்கலாம்! என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். அந்த உரிமையில் நானும் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

கோலத்தை முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். தினமும் எடுப்பாளாம். எல்லாம் ஒரே ஃபோல்டரில். "எனக்கு இதுதான் உடற்பயிற்சி, இதுதான் தியானம், இதுதான் ஆபீஸ் வேலைக்கு ஸ்கெட்ச்சும்" என்றாள். கூடவே அவள் சொன்ன ஒரு செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு இருந்த ஆய்வாளர்கள் எல்லாம் 1970-களிலேயே கோலத்தை எடுத்துவைத்துக்கொண்டு கணினி அறிவியல் செய்திருக்கிறார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று காட்டியவர்கள். "நம்ம தாம்பரம் அக்கா! எட்டிப் பிடிக்கிற தூரம்!" அவள் அம்மா உள்ளேயிருந்து, "நாங்க பாட்டுக்குப் போட்டோம். அது இலக்கணம்னு யார் கண்டா?" என்றார்.

இட்லியை ஓட்டமும் நடையுமாக முடித்துக்கொண்டு கீழ்க்கட்டளையில் பஸ் பிடித்தோம். ஜன்னல் ஓரம் எனக்கு. அவளுக்கு ஜன்னலே வேண்டாம். அவள் பார்ப்பதெல்லாம் விரல்கள்! "அதோ, அந்த மஞ்சள் புடவை அம்மாவைப் பாருங்க" என்று காதில் கிசுகிசுத்தாள். ஒரு கையில் கம்பி, தோளில் பை, இன்னொரு கையில் போன். அந்தக் கையின் கட்டைவிரல் மட்டும்தான் வேலை செய்கிறது. திரையின் மேல் மூலையில் எதையோ அமுக்க வேண்டும்; எட்டவில்லை. போனை உள்ளங்கையில் மெல்ல நழுவவிட்டு, கீழே இறக்கி, எட்டி அமுக்கி, மறுபடி மேலே ஏற்றுகிறார். ஒரு பிரேக் போட்டால் போன் கீழே.

"அந்த மேல் மூலையில பட்டன் வெச்சது என்னை மாதிரி ஒருத்திதான். அவ பஸ்ல ஏறியிருக்க மாட்டா" என்றாள். குரலில் கோபம் இல்லை, பதைப்பு இருந்தது.

2013-இல் ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் இதே வேலையைப் பெரிதாகச் செய்திருக்கிறார். தெருவில், பஸ் நிறுத்தத்தில், ரயிலில் ஜனங்கள் போனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று 1,333 தடவை பார்த்துக் குறித்திருக்கிறார். அதில் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் ஒற்றைக் கைப்பிடி. அன்றிலிருந்து இந்தத் தொழிலில் கட்டைவிரலுக்கு ராஜ மரியாதை. விரல் படும் இடம் குறைந்தது இத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்று அளவே உண்டு. ஆண்ட்ராய்டில் 48 அலகு. கையில் அளந்தால் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். என் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான்! அவ்வளவு இடத்துக்குள் அவளுடைய முழு நாளும் அடங்கியிருக்கிறது.

துரைப்பாக்கத்தில் ஆபீஸ். கண்ணாடிக் கதவு, சில்லென்ற ஏசி, எல்லா மேசையிலும் ஒரு தண்ணீர் பாட்டில். அவள் இடத்தைத் தேடவே வேண்டாம். சுவர் முழுக்க ஒட்டுச் சீட்டு, எல்லாம் தமிழ். பக்கத்தில் கட்டம் போட்ட நோட்டு ஒன்று. கம்ப்யூட்டரில் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளைத் திறப்பதற்கு முன் அவள் இந்த நோட்டில்தான் கிறுக்குவாள். அவளுடைய குலதெய்வம் மாதிரி ஒருவர் இருக்கிறார்: சூசன் கேர். 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் குட்டிக் குட்டிப் படங்களை, அந்தக் குப்பைத்தொட்டியை, சிரிக்கிற கம்ப்யூட்டரை வரைந்தவர். 32-க்கு 32 கட்டம். மொத்தம் 1,024 புள்ளி. ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா என்பது மட்டும்தான் அவர் முடிவு செய்யக்கூடியது. கட்டம் போட்ட தாளில்தான் அவரும் ஆரம்பித்தார். நூலை எண்ணிப் போடும் எம்பிராய்டரி பழக்கம் அதற்குக் கைகொடுத்தது. "கோலம் போடத் தெரிஞ்சிருந்தா இன்னும் சுளுவா இருந்திருக்கும் அவங்களுக்கு" என்று கண் சிமிட்டினாள். பிக்ஸலுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? படப்புள்ளி! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சரி, இனிமேல்தான் நான் வாயைப் பிளந்த கட்டம்.

ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்று ஒரு பட்டன். 6 எழுத்து. தமிழில் அதைச் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் 9 எழுத்து, அதுவும் ஒவ்வொன்றும் கால்பரப்பி உட்காரும் எழுத்து. பட்டன் உடைகிறது. பாதி வார்த்தை அடுத்த வரிக்குத் தொங்குகிறது. 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?' என்று ஒன்று. மூன்று வரி! அவள் அதை ஒரு மணி நேரம் இழைத்து இழைத்து, 'கடவுச்சொல் மறந்ததா?' என்று ஆக்கினாள். நீளம் குறைவு, அதே பொருள், அதே மரியாதை. முடித்ததும் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மரியாதை என்றதும் ஞாபகம் வருகிறது. பணம் அனுப்பும் பட்டனில் 'அனுப்பு' என்று போடுவதா, 'அனுப்பவும்' என்று போடுவதா, 'அனுப்புங்கள்' என்று போடுவதா? இதற்காக ஒரு முழு மீட்டிங் நடந்திருக்கிறது. ஒருவர், "அனுப்புன்னா வா போன்னு பேசற மாதிரி இருக்கு. எழுபது வயசுப் பெரியவரைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். அவள் கொடுத்த பதிலை நான் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்: "பட்டன் பேசறது இல்லக்கா. பெரியவர் பேசறார். அவர் போனைப் பார்த்து 'அனுப்பு'ன்னு சொல்றார். போன் அவருக்கு வேலைக்காரன். அதனால பட்டன்ல 'அனுப்பு'. அதுவே போன் அவரைப் பார்த்து ஏதாவது கேட்டுச்சுன்னா, 'தொகையை எழுதுங்கள்'னு 'ங்கள்' போட்டுத்தான் கேட்கணும்." யார் யாரிடம் பேசுகிறார்கள்! ஒரு நாடகத்தில் வசனம் பிரிப்பதுபோல் ஒவ்வொரு திரையிலும் அவள் இதைப் பிரித்து வைத்திருக்கிறாள். நான்கு வருடமாகப் போனில் பணம் அனுப்புகிறேன். அந்த 'அனுப்பு' என் குரல் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மதியம் தயிர்சாதம், வெண்டைக்காய்ப் பொரியல், மோர்மிளகாய். மேசையில் சாப்பிடக்கூடாது என்பது அவள் தனக்கே போட்ட சட்டம். கேன்டீன் வரை நடந்து போய்த்தான் டப்பாவைத் திறப்பாள்.

இரண்டரை மணிக்கு ஒரு சின்ன அறை. இன்று புதுத் திரையைச் சோதித்துப் பார்க்க ஒரு பாட்டி வந்திருக்கிறார். பூக்கடை வைத்திருப்பவர். இப்படி ஐந்து பேர் வருவார்கள், ஒவ்வொருவராக. ஏன் ஐந்து? ஐந்து பேரிடம் காட்டினாலே பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். தொழில் அதைப் பிடித்துக்கொண்டது. விதி ஒன்றே ஒன்று. வந்தவர் திணறினாலும் டிசைனர் உதவி செய்யக்கூடாது. வாயைத் திறக்கக்கூடாது! மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கே தாங்கவில்லை. அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாட்டி பேத்தியின் நம்பரை அழகாக எழுதினார். கீழே 'சேமி' என்று பட்டன். விரல் அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

"இதை அமுக்கினா என் காசைப் பிடிச்சு வெச்சுக்குமா கண்ணு?"

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். 'சேவ்' என்பதற்கு 'சேமி' என்று எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் இது பணச் செயலி. பணம் இருக்கும் இடத்தில் 'சேமி' என்றால் சேமிப்பு! பாட்டி சொன்னதுதான் சரி. ஒரு தமிழ்க்காரருக்கு அந்த வார்த்தை வேறு எப்படிக் கேட்கும்? பாட்டியை வழியனுப்பிவிட்டு வந்தவள் குதித்தாள். நிஜமாகவே குதித்தாள்! தன் வேலையில் ஒரு தப்பு கண்டுபிடிக்கப்பட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. "எத்தனை லட்சம் விரல் அங்கே தயங்கியிருக்கும் அக்கா! இன்னிக்குப் பிடிச்சுட்டோம்!" அன்று மாலைக்குள் அது 'நம்பரைப் பதிவு செய்' ஆகிவிட்டது. போன மாதம் இதே அறையில் சிக்கியது 'பின்' என்ற வார்த்தையாம். 'உங்கள் பின் எழுதுங்கள்' என்றிருந்ததைப் படித்துவிட்டு ஒரு வாத்தியார், "எதற்குப் பின்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அது 'ரகசிய எண்'.

நாலு மணிக்கு என் கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு இழுத்துப் போனாள். காற்று முகத்தில் அறைந்தது. எதிரே, கண்ணுக்கு எட்டிய தூரம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்!

திரையைப் பார்க்கிறவர்களுக்குக் கண் மருத்துவர்கள் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. 20 நிமிடத்துக்கு ஒரு தரம், 20 அடி தள்ளி இருப்பதை, 20 வினாடி பார்க்க வேண்டும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைக்கவே மறந்துவிடுகிறோம். கண் வறண்டு எரிகிறது. கிட்டத்துப் பொருளிலேயே குவிந்திருக்கும் கண் தசைக்கும் ஓய்வு வேண்டும். இவள் மேசையில் இருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்ப மரத்தைப் பார்ப்பாள். நாலு மணிக்கு மட்டும் மாடிக்கு வந்து, கழுத்தில் தொங்கும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் பறவை பார்ப்பாள். கண்ணுக்கு மருந்து என்று ஆரம்பித்தது, இப்போது பைத்தியமாகவே ஆகிவிட்டது. நாமக்கோழி தெரியும், நீலத் தாழைக்கோழி தெரியும், கூழைக்கடா எந்தப் பக்கம் மீன் தேடும் என்று தெரியும். "பூநாரை வந்த அன்னிக்கு மீட்டிங்கை அஞ்சு நிமிஷம் தள்ளி வெச்சேன்" என்றாள். 2022-இல் இந்தச் சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அன்றைக்கு ஆபீஸுக்கே அவள் வாங்கிக் கொடுத்த சாக்லேட்டின் உறை ஒன்று இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது.

அங்கே வைத்துத்தான் வலது கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக ஒரு வலி. முதலில் மவுஸ் பிடிக்கும்போது. பிறகு டப்பா மூடி திறக்கும்போது. பிறகு கோலமாவைக் கிள்ளும்போது. மருத்துவர் அவள் கட்டைவிரலை உள்ளே மடக்கச் சொல்லி, மற்ற நான்கு விரலால் மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தார். கத்திவிட்டாள். டி கெர்வைன் என்ற பிரச்சினை. 1895-இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் போகும் உறை தடித்து இறுகிவிடுகிறது. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாய்மார்களுக்கும் வரும். கைக்குப் பட்டை, ஓய்வு, பிசியோதெரபி. நல்லவேளை, அறுவை சிகிச்சை வரை போகவில்லை.

கோலமாவு எங்கிருந்து விழுகிறது? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து. மூன்று மாதம் வாசலில் அம்மா கோலம் போட்டார். மகள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது மாதம் இடது கையால் ஒரு புள்ளி வைத்தாள். கோணல். அடுத்த நாள் இன்னொன்று. இன்று காலை நான் எண்ணிய 37 புள்ளியும் இடது கை வைத்தவை! எனக்கு அது தெரியவே இல்லை. மவுஸும் இடது கைக்குப் போய்விட்டது. இன்னொன்றும் நடந்தது. போனை இடது கையில் பிடித்தவளுக்குத் தன் செயலியில் வலது ஓரத்தில் இருந்த முக்கியமான பட்டன் எட்டவில்லை. மறுநாளே அதைத் திரையின் முழு அகலத்துக்கும் இழுத்துவிட்டாள். எந்தக் கையில் பிடித்தாலும் கிடைக்கும். "அந்த வலி வராம இருந்தா எனக்கு அது தோணியிருக்காது" என்று சொல்லிக்கொண்டே ஒரு கூழைக்கடாவைக் காட்டினாள். இறக்கையை அசைக்காமல் மிதந்து போனது.

மேசைக்குத் திரும்பினோம். ஒப்பந்தப்படி நான் டிராயரைத் திறந்தேன். உள்ளே பழைய போன்கள்! ஏழு. ஒன்றின் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிசல். இன்னொன்று உள்ளங்கைக்குள் மறையும் சின்னது. புது போனில் அழகாகத் தெரிவது எல்லோருக்கும் வரும். பூக்கடைப் பாட்டியின் போனில் எப்படித் தெரிகிறது என்பதுதான் அவளுக்கு வேண்டும். ஒவ்வொன்றாக வரிசையாக வைத்து, புதுத் திரையைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்தாவதில் நின்றாள். "அக்கா, இங்கே பாருங்க."

பார்த்தேன். 'ரகசிய எண்' என்று இருந்தது. சரியாகத்தானே இருக்கிறது?

"புள்ளி."

ஐயோ! ண் மேல் புள்ளி இல்லை. 'ரகசிய எண' என்று மொட்டையாக நின்றது. ஆங்கில எழுத்துக்குப் போதுமான வரி உயரம் தமிழுக்குப் போதாது. நம் எழுத்துக்கு மேலே புள்ளியும், கி, கீ என்று வளைவும் உண்டு, கீழே பூ, மூ என்று வாலும் உண்டு. இடத்தைச் சிக்கனம் பிடித்தால் முதலில் வெட்டுப்படுவது புள்ளிதான். அது சின்ன விஷயமா? பல் வேறு, பல வேறு. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் கிழிந்துவிடும் என்று பல இடங்களில் புள்ளியே வைக்காமல் போனார்கள். சுவடி படித்தவர்கள் எங்கே புள்ளி, எங்கே இல்லை என்று ஊகித்து ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அந்தப் புள்ளிக்கென்றே தனி எண் ஒதுக்கியிருக்கிறார்கள். அதாவது ஓலையில் தொலைந்த புள்ளிக்குக் கம்ப்யூட்டர் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது. அதை ஒரு போன் திரையின் விளிம்பில் வெட்ட விடலாமா?

அடுத்த மேசையில் இருந்த டெவலப்பர் தம்பியைக் கூப்பிட்டாள். "வரி உயரத்தை நாலு பிக்ஸல் ஏத்து தம்பி." தட்டினான். "மேல இன்னும் வெட்டுது. இன்னும் ரெண்டு." தட்டினான். நாங்கள் மூன்று பேரும் அந்த உடைந்த போனின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்தோம். ஏறியது, ஏறியது... வந்தது! குட்டி வட்டமாக, ண் மேல் ஜம்மென்று உட்கார்ந்தது. நான் கத்தியதில் தூரத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தம்பிக்கு முகமெல்லாம் பல். பல இல்லை, பல்!

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு ஒன்று முன்னாலேயே இறங்கி நடப்பது அவள் வழக்கம். கழுத்தை இடம் வலமாகத் திருப்பிக்கொண்டே நடந்தாள். ஒன்பதரைக்குப் போனைச் சமையலறை அலமாரியில் வைத்துவிடுவாளாம், மறுநாள் கோலம் முடியும் வரை எடுக்கமாட்டாள். எனக்கு அந்த அலமாரி மேல் பொறாமையாக இருந்தது.

அப்புறம் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. திறந்தால், தீப்பெட்டி லேபிள்கள்! மயில், புலி, கோழி, சாவி, ஏணி, கப்பல், தக்காளி. நூற்றுக்கணக்கில். சிவகாசியில் இருந்து, கோவில்பட்டியில் இருந்து, சாத்தூரில் இருந்து. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்த கதையை அவள் தன் தாத்தா கதை மாதிரி சொல்கிறாள். இவற்றை அவள் வெறுமனே சேர்க்கவில்லை, படிக்கிறாள். "இவ்வளவு சின்ன இடத்துல, எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் 'மயில் ஒண்ணு குடு'ன்னு கேட்டு வாங்கணும். எத்தனை கலர்னு பாருங்க. மூணு. நாலு. அவ்வளவுதான். பொட்டிக்கடை மங்கல் வெளிச்சத்துல தெரியணும். இதைவிடப் பெரிய டிசைன் பாடம் எந்த காலேஜ்ல இருக்கு?" வரைந்தவர் பெயர் எதிலும் இல்லை. நம்முடைய ரூபாய்க் குறியீட்டை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், தமிழ் எழுத்துருவில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் என்று 2010-இல் பேப்பரிலெல்லாம் வந்தது. அந்தச் செய்தித் துண்டும் இதே பெட்டியில்தான், மயில்களுக்கும் புலிகளுக்கும் நடுவில் இருக்கிறது.

கிளம்பும்போது பெட்டியைத் துழாவி ஒரு மயிலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அச்சில் சிவப்பு, கறுப்புக்குச் சற்று விலகி விழுந்திருந்தது. அதனால் மயிலுக்கு இரண்டு தோகை. ஒன்று கறுப்புக் கோட்டில், ஒன்று அதன் பின்னால் சிவப்பு நிழலில், ஆடுவது மாதிரியே.

"என்கிட்ட இதுல ரெண்டுதான் இருக்கு அக்கா. ஒண்ணு உங்களுக்கு."

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அதைக் கைப்பைக்குள் வைக்க மனம் வராமல், தெருவிளக்கு ஒவ்வொன்றின் கீழும் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.